பாலைக்கு நிலம் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் இலக்கியப் பொருள் ஒன்று பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். எப்பொருளை எடுப்பது என்று நான் எண்ணிக்கொண்டிருந்த நாளில், எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் வாழும் மாணவன் ஒருவன் கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் ஏந்தி என்னிடம் வந்தான். வானத்தில் எங்கோ உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு கோளில் நிகழும் கதை அது. "ஐயா, மூன்றாம் இயலில் இந்தக் கோள் முழுவதும் கொதிக்கும் மணல் என்று எழுதியிருக்கிறார். ஒன்பதாம் இயலில் அதே கோளில் பனி உறைந்து கிடக்கிறது என்கிறார். எழுதியவர் மறந்துவிட்டாரா? இவற்றுள் எது மெய்?" என்று கேட்டான்.

"கோளே பொய், அதில் எது மெய் என்று கேட்க வந்தாயா?" என்று நகைத்து அனுப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அச்சிறுவன் கேட்ட அதே வினாவை நம் முன்னோர் கேட்டிருக்கின்றனர், விடையும் தேடியிருக்கின்றனர். அவர்கள் ஆராய்ந்த நிலத்தின் பெயர் பாலை. ஆகவே பாலையைப் பற்றியே இன்று பேச முடிவு செய்தேன். அவ்வினா நம் தங்கவயலையும் தொடுகிறது என்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

தொல்காப்பியர் அகத்திணைகள் ஏழு என்றார். அவற்றுள் நடுவில் நின்ற ஐந்தில், முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்குக்கே நிலம் பகுத்தார். காடு, மலை, வயல், கடற்கரை ஆகிய நான்கும் பங்கிடப்பட்டுவிட்டன. பாலைக்கு நிலமே கூறவில்லை. ஆயினும் பொழுது கூறினார். வேனிற்காலமும் நண்பகலும் பாலைக்கு உரியன என்றார். அத்துடன் நில்லாது, பின்பனிக் காலமும் அதற்கு உரியது என்றார். நிலம் இல்லாத ஓரிடத்துக்கு வெயிலும் உண்டு, பனியும் உண்டு என்றால், மாணவன் கேட்ட கேள்வி நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

பாடல்களைப் புரட்டினால் வியப்பு இன்னும் மிகும். அகநானூற்றில் 400 பாடல்கள். அவற்றுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைக்கு உரியன. நிலமே வகுக்கப்படாத திணைக்கு ஒரு நூலின் செம்பாதி! அப்பாடல்களில் ஒருபுறம் நீர் வற்றிய சுனையும், நீர் தேடி அலையும் யானையும், மூங்கில் உராய்ந்து பிறக்கும் தீயும், உப்பு வணிகர் விட்டுச் சென்ற அடுப்புக் கற்களும் காண்கிறோம். மற்றொருபுறம் மாமரம் தளிர்க்கிறது, குயில் கூவுகிறது, ஆற்று மணலில் தெளிந்த நீர் ஒழுகுகிறது. இன்னும் சில பாடல்களில் பனிப்பொழுது வந்து தனித்திருப்பவளை நடுங்க வைக்கிறது. இவையெல்லாம் ஒரே திணையா என்று எவரும் ஐயுறுவர்.

பிற்கால நூலாகிய நம்பியகப்பொருளோ, சுரம் என்பதனைப் பாலையின் நிலமாகவே எண்ணிவிட்டது. ஒரு நூல் நிலம் இல்லை என்கிறது. மற்றொரு நூல் உண்டு என்கிறது. மாணவர்கள் எதனை ஏற்பது?

இளங்கோவடிகள் இதற்கு அழகியதோர் விடை தருகின்றார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் பேசுகிறான். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து, நலம் இழந்து, பாலை என்னும் வடிவத்தை அடைகின்றன என்பது அவன் கூற்று. அரசனும் அவன் அமைச்சரும் முறை தவறியதால் சீர் கெட்ட நாட்டை அதற்கு உவமையாக்குகிறான். பாலை என்பது தனியே ஓரிடம் அன்று. நல்ல நிலம் ஒரு காலத்தில் அடையும் நிலை என்பது இதனால் விளங்கும். மழை பெய்தால் மீண்டும் அது முல்லையாகும். எனவே, நேற்று முல்லையைக் கண்டவனும் இன்று பாலையைக் கண்டவனும் ஒரே மண்ணைத்தான் கண்டனர். இருவரும் பொய்யர் அல்லர்.

இனிப் பின்பனிக்கு வருவோம். பின்பனி என்பது மாசியும் பங்குனியும். அம்மாதங்களில் விடியலில் எழுந்து நடந்து பாருங்கள். புல் நுனியெல்லாம் பனி. அதே வழியில் நண்பகலில் திரும்பி வாருங்கள்; கால் வைக்கும் கல் சுடும். ஒரே நாளில், ஒரே வழியில், இரண்டு பருவங்கள் இருக்கின்றன. என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில், தொல்காப்பியர் பாலைக்கு இரண்டு காலம் வைத்ததில் முரண் ஏதும் இல்லை.

மாந்தளிரும் குயிலும் எவ்வாறு வந்தன? பாடலைப் பேசுபவர் யார் என்று கேட்டால் அம்முடிச்சும் அவிழும். பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் போனவன் வழியில் நிற்கிறான். அவன் காண்பது வெந்த காடு. அவன் திரும்பி வருவதாகக் குறித்த பருவம் இளவேனில்; வீட்டில் இருப்பவள் காண்பது தளிர்த்த மரம். அவனுக்கு வெயில் சுடுகிறது. அவளுக்குத் தளிரே சுடுகிறது. இருவரும் இருப்பது பாலையிலேதான்.

இதற்கு மிகச் சிறந்த சான்று பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலின் 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையே பேசுகிறது. வற்றாத காவிரி, விளைந்த வயல், கப்பல் வந்து நிற்கும் துறை இவற்றைப் படிப்பவர், இதற்கு ஏன் பாலை என்று பெயர் என்று மயங்குவர். பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், அப்பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று தன் நெஞ்சுக்குக் கூறுகின்றான். அவன் கடக்க வேண்டிய காட்டின் வெம்மைக்குக் கரிகாலனின் வேலும், அவள் தோளின் தண்மைக்கு அம்மன்னனின் செங்கோலும் அளவாக வைக்கப்பெற்றுள்ளன. வெம்மையும் தண்மையும் ஒரே நெஞ்சில் அடுத்தடுத்து நிற்கின்றன!

நம் இலக்கண நூலார் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று கூறுவர். பிழையற்றது வழாநிலை, பிழைபட்டது வழு, பிழைபோல் தோன்றினும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. ஒரு நிலத்தைப் பற்றிய இரண்டு செய்திகள் முரண்படும்போது, உடனே வழு என்று தள்ளாமல், அவர் எந்தக் காலத்தில் கண்டார், எந்த இடத்தில் நின்று கண்டார், எந்நிலையில் இருந்து கண்டார் என்னும் மூன்றையும் கேட்டல் வேண்டும். இதுவே பாலை நமக்குக் கற்பிக்கும் முறை.

இம்முறை மாணவனின் கோள்களுக்கும் பொருந்துமா என்று பார்ப்போம். பிராங்க் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1965இல் 'டியூன்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் வரும் அர்ராக்கிஸ் என்னும் கோள் மணற்பாலை. ஒரு குவளை நீருக்கு உயிரையே விலையாகக் கேட்கும் இடம். அவரே 1981இல் வெளியிட்ட மற்றொரு நாவலில் அதே கோளில் ஆறு ஓடுகிறது, பசுமை படர்ந்திருக்கிறது, பாலைநிலம் சிறியதோர் பகுதியாகச் சுருங்கிவிட்டது. மறதியா? அன்று. இரண்டு கதைகளுக்கும் இடையே ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் கழிந்ததாக அவர் அமைத்திருக்கிறார். முல்லை திரிந்து பாலையானதை இளங்கோவடிகள் பாடினார். பாலை திரிந்து முல்லையானதை அவர் எழுதினார்.

மெய்யான கோள்களைப் பற்றியும் இத்தகைய முரண் எழுந்ததுண்டு. வெள்ளியை முகில் மூடியிருப்பதால் அதன் தரையைத் தொலைநோக்கியால் காண இயலவில்லை. 1918இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ், அது நீர் சொட்டும் சதுப்பு நிலம் என்று எழுதினார். வேறு சிலர் அது புழுதி பறக்கும் வறண்ட பாலை என்றனர். கதை எழுதியவர்கள் தமக்கு விருப்பமானதை எடுத்துக்கொண்டனர். 1962இல் மாரினர் 2 என்னும் விண்கலம் அருகே சென்று அளந்தது. 1970இல் வெனேரா 7 அத்தரையிலேயே இறங்கியது. அங்கே வெப்பம் ஏறத்தாழ 470 பாகை செல்சியஸ், ஈயமும் உருகிவிடும். சதுப்பு நிலக் கொள்கை அன்றோடு முடிந்தது. இது வழுவமைதியன்று, வழுவே. அளந்து பார்த்தபின் பொய்யானதற்குச் சமாதானம் கூறிக் காப்பாற்றுதல் அறிவுடைமை ஆகாது. ஆயினும் ஒன்று காண்க. அதே வெள்ளியில் தரைக்கு மேலே 50 கிலோமீட்டர் அளவில் முகிலிடையே நின்றால், வெப்பமும் காற்றழுத்தமும் நம் பூமியில் உள்ளவற்றோடு ஒத்துவருகின்றன. உலை என்று கூறுபவரையும், இதமானது என்று கூறுபவரையும் நோக்கி, "ஐயா, எந்த உயரத்தில் நின்றீர்?" என்று கேட்டே தீரவேண்டும்.

தாய்மார்களே! வெள்ளியைப் பற்றி நமக்கென்ன என்று நீங்கள் எண்ணலாம். உயரத்தைக் கேள் என்ற பாடத்தை நாம் வெள்ளியிடம் கற்க வேண்டியதில்லை. ஆழத்தைக் கேள் என்று நம் தங்கவயல் முன்பே கற்பித்துவிட்டது. இதற்கு எங்கள் குடும்பத்தில் வழங்கும் செய்தி ஒன்றைக் கூறுகிறேன்.

என் பாட்டனார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்து, சுரங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஊருக்குக் கடிதம் எழுதுவித்தார். "இங்கே அனல் தாங்க முடியவில்லை, உடம்பில் துணி நிற்பதில்லை" என்று எழுதினாராம். அதே மாதத்தில் என் பாட்டியார் தம் தாய்க்கு எழுதுவித்த கடிதத்தில், "இங்கே குளிர் தாங்க முடியவில்லை, கம்பளி அனுப்புக" என்றிருந்தது. ஊரில் இரண்டு கடிதங்களையும் ஒரே திண்ணையில் வைத்துப் படித்தனர். இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவாயிற்று. பொய்யர் மாப்பிள்ளைதான் என்றும் முடிவாயிற்று!

பாட்டியாரின் தந்தை தை மாதத்தில் புறப்பட்டு வந்தார். தட்டி அடைத்த வீட்டின் முன்புறத்தில் படுத்தார். இரவெல்லாம் நடுங்கினார். மகள் எழுதியதே மெய், மருமகன் கதை கட்டுகிறார் என்று உறுதி கொண்டார். விடியும் வேளையில், இரவு ஷிப்ட் முடிந்து என் பாட்டனார் வந்து சேர்ந்தார். உடுத்தியிருந்த துணி பிழிந்தெடுக்கலாம்போல் வியர்வையில் நனைந்திருந்தது. அந்நனைந்த துணியோடு அவர் பனிக்காற்றில் நடந்து வந்திருந்தார். மாமனார் ஒரு சொல்லும் பேசவில்லை. தாம் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து மருமகன் மேல் போர்த்தினாராம்.

நம்மில் எத்தனை வீடுகளில் இத்தகைய இரண்டு கதைகள் உள்ளன! கடல் மட்டத்துக்கு 2,700 அடிக்கு மேற்பட்ட மேட்டுநிலம் இது. மார்கழி விடியலில் குழாயடியில் நின்ற பெண்களுக்குக் கை விறைத்தது மெய். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுதியாக ஆழம் சென்றது. அங்கே பாறையின் இயல்பான வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தது. பாறையைத் துளைக்கப் பயன்படும் நீரால் காற்றில் ஈரம் மிகும். ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அங்கே உழைத்தவர் அனல் என்று கூறியதும் மெய். இன்னும் கூறுவேன். மேலிருந்து புதுக்காற்று இறங்கும் ஷாஃப்டின் அடியில் நின்றவருக்கும், காற்று எளிதில் புகாத வெட்டுமுகத்தில் நின்றவருக்கும் ஒரே ஆழத்தில் வெவ்வேறு பருவம். கேஜில் ஒன்றாக இறங்கிய இரு நண்பர்கள், மேலே வந்தபின் இரண்டு விதமாகச் சொன்னதில் வியப்பில்லை.

'குட்டி இங்கிலாந்து' என்று நம் ஊரை அழைத்ததும் அவ்வாறே. பங்களாவின் தோட்டத்தில் நின்று பார்த்தவருக்கு இது இங்கிலாந்து. லைன் வீட்டில் பத்துப் பேரோடு படுத்தவருக்கு இது வேறு நாடு. புத்தகங்களில் முதற்கூற்றே மிகுதியாக ஏறியது. ஏனெனில் எழுதும் கை அங்கே இருந்தது. இரண்டாவது கூற்று பாட்டிமாரின் வாயிலேயே தங்கிவிட்டது.

நிற்கும் இடத்தைப் பொறுத்துக் காட்சி மாறும் என்பதற்கு நம் மண்ணில் உலகறிந்த சான்றும் ஒன்று உண்டு. வானிலிருந்து வரும் நுண்துகள்களை ஆராய விரும்பிய அறிஞர்கள் மலையுச்சிக்குப் போவதை விடுத்து, நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். மேலுள்ள பாறை மற்றத் துகள்களைத் தடுத்துவிட, அதனை ஊடுருவும் நியூட்ரினோவின் அடையாளத்தை 1965இல் அங்கே கண்டனர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களும் அப்பணியில் இருந்தனர். வானத்தின் ஒரு செய்தியை அறிய ஆழமே ஏற்ற இடமாயிற்று.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் கூறியது இப்போது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. நம் பாட்டனார் காலத்தில் பாலை என்பது சொந்த ஊருக்கும் தங்கவயலுக்கும் இடையே இருந்தது. இன்று மாரிக்குப்பத்துக்கும் பெங்களூருக்கும் இடையே இருக்கிறது. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்று தொல்காப்பியர் கூறியதன் உண்மையை நம்மைவிட நன்கு உணர்ந்தவர் யார்?

இப்போதும் நம் ஊரைப் பற்றி இரண்டு செய்திகள் வருகின்றன. வெளியிலிருந்து வருவோர் சயனைடு மேடுகளையும் துருப்பிடித்த ஷாஃப்டுகளையும் கண்டு, செத்த ஊர் என்று எழுதுகின்றனர். விழா நாளில் வருவோர், பாட்டும் கால்பந்தும் பலமொழிப் பேச்சும் கண்டு, உயிருள்ள ஊர் என்கின்றனர். நம் பிள்ளைகள் இரண்டையும் படித்துவிட்டு, எது மெய் என்று கேட்கின்றனர். அவர்களுக்கு விடை கூறும் கடமை நம்முடையது.

ஆகையால் சங்கத்தாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சுரங்கத்தில் இறங்கியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர். அவர்கள் வீட்டுக்கு நம் மாணவர்கள் ஏட்டுடன் செல்லட்டும். "சுரங்கம் சூடாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டு வந்துவிடலாகாது. எந்த ஷாஃப்ட், எந்த லெவல், எந்த ஷிப்ட், எந்த மாதம், என்ன வேலை என்று கேட்டு எழுதட்டும். அதே வீட்டின் அடுக்களையில் இருக்கும் அம்மையாரையும் கேட்டு, அடுத்த பக்கத்திலேயே எழுதட்டும். இரண்டும் முரண்பட்டால் ஒன்றை அழித்துவிட வேண்டாம். இடமும் காலமும் குறித்திருந்தால் பின்னால் வருவோர் பொருத்திக்கொள்வர். அளந்து அறியத்தக்க செய்தி தவறாக இருந்தால், அதனைத் தவறு என்றும் அஞ்சாமல் எழுதட்டும்.

அந்த மாணவனுக்கு நான் என்ன விடை கூறினேன் என்று கேட்பீர்கள். "மூன்றாம் இயலில் பேசுபவன் எங்கே நிற்கிறான், ஒன்பதாம் இயலில் பேசுபவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து வா, பார்த்தும் பொருந்தாவிட்டால் ஆசிரியர் மறந்துவிட்டார் என்றே கொள்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்தான். "ஐயா, முதலாமவன் கோளின் நடுவில் இறங்குகிறான், இரண்டாமவன் அதன் முனையில் இறங்குகிறான். நான் பெயரைக் கவனிக்காமல் படித்துவிட்டேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "எங்கள் தாத்தா எந்த லெவலில் வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது, இன்று கேட்கப் போகிறேன்" என்றான்.

இப்பேச்சைக் கேட்டிருக்கும் மாணவச் செல்வங்கள் அனைவரும் இன்றிரவே அவ்வினாவைத் தத்தம் வீட்டில் கேட்பார்களாக என்று வேண்டி அமைகின்றேன்.